புலி அட்டை, சுறா அட்டை

1998-ஆம் ஆண்டு ஆயுத பூசையன்று பிற்பகலில், பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த கணினி மையத்தில், இரண்டு வரைகலை அட்டைகள் ஒரே கற்பூரம் எரிந்து முடிவதற்குள் செயலிழந்தன.

எனக்குச் சொதி பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தேங்காய்ப்பாலில் செய்யும் அந்தக் குழம்பு எங்கள் வீட்டில் நின்றுபோனதில்தான் எல்லாம் தொடங்கியது.

என் பெயர் பூதலிங்கம். கூட்டுறவு வங்கி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது ஓய்வூதியத்துக்கு மட்டும் தேவைப்படும் விவரம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றங்கரை ஊர்களில் என்னைப் பட்டிமன்ற நடுவராகத்தான் தெரியும். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, நூலக வாரம் என்று எங்கே மேடை போட்டாலும் நடுவில் கிடக்கும் நாற்காலி என்னுடையது. இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து தொண்டை வற்றப் பேசுவார்கள். கடைசியில் நான் எழுந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, தீர்ப்புச் சொல்லுவேன்.

ஆரம்ப காலத்தில் ஒரே ஒருமுறை ஒரு பக்கத்துக்குத் தீர்ப்புச் சொன்னேன். அம்பாசமுத்திரத்தில், குழம்புக்கு ருசி தருவது புளியா தேங்காயா என்ற தலைப்பில். இரு தரப்பையும் கவனமாகக் கேட்டேன். புளியின் பக்கம் நியாயம் இருந்தது. புளி என்றேன். தேங்காய்க்காகப் பேசியவர் என் மனைவி வடிவம்மாளின் அண்ணன், மணிமுத்தாறு அணையில் வேலை பார்த்தவர். மேடையை விட்டு இறங்கிப் போனவர் இன்றுவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வடிவம்மாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தேங்காய் உடைந்தது சாமிக்கு மட்டும்தான். இலையில் புளிக்குழம்பு வந்தது, அதன்மேல் ரசம் வந்தது, மறுநாளைக்குப் புளியோதரை வந்தது. என் தீர்ப்பின்படியே எனக்குப் பரிமாறினாள்.

அதிலிருந்து நான் யாரையும் தோற்கடித்ததில்லை. கணவனா மனைவியா என்றால் இரண்டும் என்பேன். நகரமா கிராமமா என்றால் இரண்டும். பேனாவா ஏரா என்றால், இரண்டும் உழுகின்றன என்று சொல்லிக் கைதட்டு வாங்குவேன். கூட்டம் சிரித்த முகத்தோடு கலைந்து போகும். பேச்சாளர்கள் ஒரே காரில் ஊர் திரும்புவார்கள். வடிவம்மாளுக்கு மட்டும் இதில் மரியாதை இல்லை.

“கெணத்துல விழுந்தவனையும் தள்ளுனவனையும் ஒங்ககிட்டக் கூட்டிட்டு வந்தா, ரெண்டு பேருக்கும் தலை தொவட்டத் துண்டு குடுப்பிய” என்பாள்.

அதில் என்ன தவறு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டு பேரும் நனைந்திருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு பழக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தீர்ப்பை நான் முந்தியே எழுதி மனப்பாடம் செய்துவிடுவேன். பேச்சுகளைக் கேட்டபின் எழுதினால், அவற்றின் பாதிப்பு தீர்ப்பில் வந்துவிடும்.

மகேஷ் என் தங்கை மகன், பொதிகை அடிவாரத்தில் வளர்ந்தவன். ஜெர்வின் அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், புன்னக்காயல்காரன். இருவரும் கூட்டாக அந்தக் கணினி மையத்தை நடத்தினார்கள். கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். அந்த ஆண்டு முன் அறையை விளையாட்டு மையமாக மாற்ற விரும்பினார்கள். திரையில் கார் ஓட்டுவதும் விமானத்தைச் சுட்டு வீழ்த்துவதும் அப்போது ஊருக்குப் புதிது. அதற்கு ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு வரைகலை அட்டை தேவைப்பட்டது. கணினி உள்ளுக்குள் கணக்குப் போட்டு வைப்பதைத் திரையில் படமாக வரைந்து தள்ளுவது அதன் வேலை. நல்ல அட்டைகள் அவர்கள் கைக்கு எட்டாதவை. மலிவு வகையில் இரண்டு மாதிரிகளை மதுரை விநியோகஸ்தர் அனுப்பியிருந்தார். ஒன்றின் பெட்டியில் பாயும் புலி. மற்றதன் பெட்டியில் வாயைத் திறந்த சுறா. கம்பெனிப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. புலி, சுறா என்றே வழக்கமாகிவிட்டது.

மகேஷ் புலியைப் பிடித்துக்கொண்டான். ஜெர்வின் சுறாவை. நான் ஒருநாள் தற்செயலாகப் போனபோது இருவரும் திரைக்கு முன் நின்றுகொண்டிருந்தார்கள்.

“புலியில கலரப் பாருலே. ரோட்டோரத்துப் புல்லுகூடத் தனித்தனியாத் தெரியுது” என்றான் மகேஷ்.

“புல்லு மேயவாலே வாரானுவ? கார் ஓட்ட வாரானுவ. ஓடணும்லா.”

“ஓடி என்ன செய்ய? சூடேறி நடுரோட்டுல நிக்குதுல்லா ஒன் சுறா.”

முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு இருவரும் தனித்தனியாகச் சாப்பிடப் போனார்கள். பிறகு வருகிறவர்களிடம் தனித்தனியாக நியாயம் கேட்டார்கள். புலிதான் என்றால் தூத்துக்குடித் துறைமுகத்தில் தன் மாமா பார்த்து வைத்திருக்கும் வேலைக்குப் போய்விடுவதாக ஜெர்வின் சொன்னான். சுறாதான் என்றால் பெயர்ப்பலகையில் தன் பெயரைத் தானே சுரண்டி எடுப்பதாக மகேஷ் சொன்னான். படித்து முடித்ததிலிருந்து சேர்ந்து கட்டிய கடை, உள்ளங்கை அளவுள்ள இரண்டு பொருள்களால் உடையப் போகிறது என்பது சந்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மகேஷ் என்னிடம் வந்தான்.

“மாமா, ஆயுத பூசை அன்னைக்கு எல்லாரையும் கூப்பிட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓடவிடுதோம். நீங்க நடுவரா இருந்து சொல்லிருங்க. எது செயிச்சாலும் ரெண்டு பேரும் கட்டுப்படுதோம்.”

கட்டுப்படுகிற முகம் அது இல்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை போட்டேன். அவர்கள் கார்டு, கார்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மேடையில் தமிழ்தான் என்றேன். அட்டை என்று சொல்லுங்கள், அழைப்பிலும் அப்படியே போடுங்கள் என்றேன். பின்னால் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது இந்தச் சொல்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது வடிவம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“அட்டையா? மாஞ்சோலை எஸ்டேட்டுக்குப் போனா கால்ல ஏறுமே, அதா? அதுல எது நல்லது, எது கெட்டதுன்னு நீங்க என்னத்தப் பாக்கப் போறிய? ரெண்டும் ரத்தந்தான குடிக்கும்.”

நான் பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அட்டை காலில் ஏறினால் தூவ எதற்கும் கொஞ்சம் உப்பு கொடுத்துவிட்டாள். அதை மகேஷிடமும் சொல்லி வைத்தாள்.

அன்று மாலையே தீர்ப்பு தயாராகிவிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு எளிதாக ஒரு தீர்ப்பு வந்ததில்லை. இரண்டு பெட்டிகளையும் பார்த்த கணத்திலேயே பாதி வந்துவிட்டது. அது இப்படி: “தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறாள், அங்கே புலி. புன்னக்காயலில் கடல் சேர்கிறாள், அங்கே சுறா. புலியை விட்டால் அவளுக்குத் தொடக்கம் இல்லை. சுறாவை விட்டால் அவளுக்கு முடிவு இல்லை. நதி ஒன்றுதான். ஆகவே இரண்டும் சமம்.” கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். கடைசி வரியில் குரல் தானாகவே தழுதழுத்தது. ஒருவன் மலைப்பக்கத்து உறவுக்காரன், இன்னொருவன் கடற்கரைக்காரன் என்பதும் அதில் பொருந்தியது. இந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் நான் இறந்துபோனால் அது தமிழுக்கு நட்டம் என்று நினைத்தேன். இதை ஆணவம் என்று நினைக்க வேண்டாம். அளவிட்டுச் சொல்கிறேன்.

நான் பொறுப்பான நடுவர் என்பதால், நூலகத்தில் உட்கார்ந்து கணினி இதழ்களையும் வாசித்தேன். அட்டை எங்கே செருகப்படுகிறது, எது அதன் சில்லு, சில்லின் மேல் உள்ள உலோகச் சீப்பு எப்படிச் சூட்டை வெளியேற்றுகிறது என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன். இந்த அறிவு இல்லாமல் பின்னால் நடந்ததைச் செய்திருக்க முடியாது.

பூசைக்கு முந்தின நாள் முன்னோட்டம் பார்க்கப் போனேன். ஜெர்வின் ஆர்வத்தோடு காட்டினான். ஒரே மாதிரி இரண்டு கணினிகள், மூடிகள் கழற்றப்பட்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் புலி, மற்றதில் சுறா. ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று திரையின் மூலையில் ஒரு எண் தெரியும். அந்த எண்ணை வைத்துத்தான் போட்டி. இரண்டிலும் ஒரே கார்ப் பந்தயத்தைப் போட்டான். புலியின் கார் மேடு பள்ளத்தில் போகும் மாட்டு வண்டியைப் போலக் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. சுறாவின் கார் மதகு திறந்த தண்ணீர் போலப் போயிற்று. சுறாவின் எண் புலியின் எண்ணைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் நிலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பேச்சாளர்கள் என்றால் எத்தனையோ வழி இருக்கிறது. ஒருவர் ஓங்கினால் அவருக்கு மணியை முந்தி அடிக்கலாம். ஒருவர் தளர்ந்தால் நாமே ஒரு கதை சொல்லித் தூக்கிவிடலாம். இந்த எண் எதற்கும் வளைந்துகொடுக்கவில்லை. புலிக்கு வண்ணத்துக்காக மதிப்பெண் சேர்த்துப் பார்த்தேன். நிதானத்துக்காகச் சேர்த்தேன். பெட்டியின் அழகுக்காகவும் சேர்த்தேன். அப்படியும் சுறா முன்னாலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சுறாவைத் தொடங்கினால் என்ன என்று ஜெர்வினிடம் கேட்டேன்.

“எப்ப விட்டாலும் முந்திரும் சார்” என்றான். அவன் முகத்தில் வெற்றி தெரிந்தது. ஒரு கூட்டுக் கடையில் ஒருவன் முகத்தில் மட்டும் வெற்றி தெரிவது நல்ல அறிகுறி இல்லை.

ஆனால் ஓடிக்கொண்டிருந்த சுறா கடைசியில் சூடேறி, ஒரு கணம் உறைந்து நின்று, மறுபடி ஓடியது. மகேஷ் சொன்ன குறை உண்மைதான். சூடு அதிகமானால் அது தளர்கிறது. வீட்டுக்கு நடந்து வரும்போது அதைப் பற்றி யோசித்தேன். நான் யாருக்கும் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. ஓங்கியிருப்பதைச் சற்றுத் தணித்துச் சமமாக்குவது நடுவரின் கடமைக்குள் வருகிறது என்று முடிவு செய்தேன்.

ஆயுத பூசையில் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம். அரிவாள்மணையிலிருந்து அச்சு இயந்திரம் வரை எதுவும் விலக்கு இல்லை. பெரியவன் என்ற முறையில் என்னைத்தான் வைக்கச் சொன்னார்கள். புலிக்கு ஓரத்தில் பயறளவு ஒரு பொட்டு வைத்தேன். சுறாவின் உலோகச் சீப்பில், பல்லுக்குப் பல் இடைவெளி இல்லாமல், கிண்ணத்துச் சந்தனம் முழுவதையும் அப்பினேன். சூடு வெளியேற வழி இருக்காது, சுறா மெல்ல மூச்சு முட்டி, புலியின் நடைக்கு வந்துவிடும் என்பது என் கணக்கு. ஜெர்வின் பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோனான். தன் அட்டைக்கு இவ்வளவு தாராளமா என்று நினைத்திருப்பான்.

கூட்டம் நிறைந்திருந்தது. சந்துக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முன் வரிசையில் ஜெர்வினின் தாயார் பிலோமினா, கையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். மகனோடு பாளையங்கோட்டையில் இருந்தாலும் மனதெல்லாம் புன்னக்காயலில் இருக்கிறவர். என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, அட்டை அட்டைங்காவளே, அது எங்கன இருக்கு?”

திறந்திருந்த கணினிக்குள் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

“எனக்குக் கடலட்டையத்தான் தெரியும். எங்க வீட்டுக்காரவ முங்கி எடுத்துட்டு வருவாவ. தண்ணியில கெடந்தாத்தான் அதுக்கு உசிரு. இது அதுல ஒரு வகையோ?”

அந்த நேரம் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். விளக்க நேரமில்லை. ஆமாம், ஒரு வகை என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனேன்.

மகேஷ் புலிக்காகப் பேசினான், ஜெர்வின் சுறாவுக்காகப் பேசினான். இருவருமே மோசமாகப் பேசினார்கள். பிறகு முதல் சுற்று தொடங்கியது. இங்கே நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. சந்தனம் ஈரமாக இருந்ததாலோ என்னவோ, சுறா சூடேறவே இல்லை. நேற்று உறைந்து நின்ற இடத்தை அது சாவகாசமாகக் கடந்து போயிற்று. அதற்கு இருந்த ஒரே குறையையும் நான் தீர்த்து வைத்துவிட்டேன். மூலையில் எண் நேற்றைவிடக் கூடியிருந்தது. கூட்டம் கைதட்டியது. மகேஷ் எழுந்து போய் வாசலில் நின்று பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தான்.

இரண்டாவது சுற்றுக்கு முன்பு, இரண்டு திரைகளிலும் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நல்ல நேரம் வந்தது. ஆரத்தியை அப்போது வைத்துக்கொள்ள முந்தியே முடிவாகியிருந்தது. மகேஷை உள்ளே கூப்பிட்டுக் கற்பூரத் தட்டைக் கொடுத்தேன். ஜெர்வினிடம் மணியைக் கொடுத்தேன். இருவரும் கணினிகளுக்கு முதுகு காட்டி, சாமி படத்தைப் பார்த்து நின்றார்கள். நான் கும்பச் செம்பை எடுத்துக்கொண்டேன். காலையில் ஆற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீர், மேலே மாவிலை. இலையால் எல்லாக் கருவிகளுக்கும் தெளிப்பதும் வழக்கம்தான்.

கற்பூரம் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்புவார்கள். இது எனக்கு உறுதியாகத் தெரியும் என்று நம்பியிருந்தேன். இப்போது யோசித்தால், அந்த நேரத்தில் நானும் எப்போதும் கண்ணை மூடியிருந்திருக்கிறேன். மற்றவர்கள் மூடினார்களா என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அன்று நான் மட்டும் திறந்திருந்தேன். மணி ஒலித்தது. மாவிலையை ஒதுக்கிவிட்டு, செம்பைச் சுறாவின் மேல் சாய்த்தேன். பைய ஊற்றினேன், பதறவில்லை. உள்ளே ‘பட்’ என்று ஒரு சத்தம். மணிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. திரை இருண்டது. மனதில் ஒரு நிம்மதி வந்தது.

உடனே அது போயிற்று. புலி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டு வண்டி நடையில், புல்லைத் தனித்தனியாகக் காட்டிக்கொண்டு, போட்டியாளரே இல்லாமல் ஓடியது. இந்த நிலையில் மற்றவர்கள் கண்ணைத் திறந்தால் புலி வென்றதாகிவிடும். சுறாவை நிறுத்தியவன் புலியை விட்டுவைத்தால் அவன் பெயர் நடுவர் இல்லை, கட்சிக்காரன். மகேஷ் என் தங்கை மகன் என்பதால் உறவுக்காரனுக்குச் சாதகம் செய்தேன் என்ற பேச்சும் வரும். என் மனசாட்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. செம்பில் மீதி இருந்ததைப் புலியின் மேல் ஊற்றினேன். கற்பூரம் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் கண்ணைத் திறந்தபோது இரண்டு திரைகளும் இருண்டிருந்தன. கரண்ட் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்ததைச் சிறிது நேரம் யாரும் கவனிக்கவில்லை. ஜெர்வினும் மகேஷும் சேர்ந்து ஒரே கணினிக்குள் தலையை விட்டார்கள். நெடுநாளைக்குப் பிறகு அவர்கள் தலைகள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததைப் பார்த்தேன். எழுந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, தீர்ப்பை ஒரு வரி பிசகாமல் சொன்னேன். பொதிகை, புலி, புன்னக்காயல், சுறா. கடைசி வரியில் குரல் தழுதழுத்தது. என் அனுபவத்தில், இரண்டும் சமம் என்று நான் சொன்ன தீர்ப்புகளில் சோதித்துப் பார்க்கக்கூடிய அளவுக்கு உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

பிலோமினா எழுந்து நின்று கைதட்டினார். பின்னால் சிலரும் தட்டினார்கள்.

பழைய சாதாரண அட்டைகளைப் போட்டுப் பார்த்ததில் கணினிகள் பிழைத்திருந்தன. புலியும் சுறாவும் மட்டும் எழவில்லை. மாதிரிகளைத் திருப்பித் தராவிட்டால் புதிய அட்டைகள் எதுவும் வராது. மதுரை விநியோகஸ்தர் காரணத்தை அறிய சத்தியநேசன் என்ற பொறியாளரை அனுப்பினார். அமைதியான மனிதர். வெள்ளைத் துணி விரித்து, இரண்டு அட்டைகளையும் வைத்து, வெகுநேரம் குனிந்து பார்த்தார். சுறாவை எடுத்து முகர்ந்தார். காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்தார். சீப்பின் இடையிலிருந்து மாவிலைத் துணுக்கு ஒன்றை எடுத்து, துணியின் ஓரத்தில் தனியாக வைத்தார்.

“தண்ணி பட்டிருக்கு சார்” என்றார்.

ஆற்றங்கரை ஊர் என்பதால் காற்றில் ஈரம் அதிகம் என்றேன். பொறியாளர் தலையை ஆட்டினார். விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். அப்போது பிலோமினா காபி கொண்டுவந்தார்.

“காத்து இல்ல தம்பி” என்றார். “அண்ணாச்சி கையால ஊத்துனாவ. எங்க ஊர்ல புது வள்ளம் எறக்குனா பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளிப்பாவ, நாலே துளி. இவுக எம் மவன் அட்டைக்கு முக்காச் செம்பு ஊத்துனாவ. எல்லாரும் கண்ண மூடிட்டாவ. நாங்க கற்பூரத்துக்குக் கண்ண மூடுறதில்லலா, நான் பாத்துட்டேதான் இருந்தேன். மிச்சத்தப் புலிக்கும் ஊத்துனாவ. அட்டைக்குத் தண்ணிதானய்யா உசிரு. வேத்துமை பாக்காத மனுசன்.”

யாரும் காபியை எடுக்கவில்லை. பொறியாளர் என்னைப் பார்த்தார். மகேஷ் என்னைப் பார்த்தான். ஜெர்வின் தன் தாயாரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்த அறையில் என் நடுநிலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவர் அந்த அம்மாள் ஒருவர்தான்.

ஆகவே நானும் மறைக்கவில்லை. ஆமாம், நான்தான் ஊற்றினேன் என்றேன். முதலில் சந்தனம், பிறகு சுறாவுக்குத் தண்ணீர், பிறகு புலிக்குத் தண்ணீர். தெரிந்துதான் செய்தேன். கடை உடையக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்றும் சொன்னேன். அப்போது அதை நான் முழுமையாக நம்பினேன்.

“மாமா,” என்றான் மகேஷ். “வீட்டுல அத்தை இதுக்குத்தான் உப்பு குடுத்துவிட்டாவளா?” என்று கேட்டான். ஜெர்வின் சிரித்தான். பிறகு இருவரும் சிரித்தார்கள். நான் சேர்ந்துகொள்ளப் பார்த்தபோது நிறுத்திவிட்டார்கள்.

சத்தியநேசன் அட்டைகளைத் துணியில் சுற்றினார். தண்ணீர் பட்டதற்கு வாரண்டி கிடையாது என்றார். ஆனால் நடந்ததை மறைக்காமல் சொன்னதால், மேலாளரிடம் பேசி ஒரு அட்டையை மட்டும் புதிதாக மாற்றித் தர முடியும். அதை வைத்துக்கொண்டு கடையைத் தொடங்கலாம், மீதி அதே வகையில் வரும். எந்த அட்டை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

மகேஷும் ஜெர்வினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெர்வின்தான் என் பக்கம் திரும்பிப் பேசினான்.

“சார், நீங்களே ஒரு பேரு சொல்லுங்க. சுறான்னாலும் சரி, புலின்னாலும் சரி. எங்களுக்குள்ள இனி சண்டை இல்ல.”

“நெசமாத்தான் மாமா,” என்றான் மகேஷ். “ஏதாச்சும் ஒண்ணு. ஒரு வார்த்தை.”

இருவரும் மனப்பூர்வமாகச் சொன்னார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எதைச் சொன்னாலும் யாரும் எங்கும் போகப் போவதில்லை.

நான் எழுந்து நின்றேன். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். நான் தம்ளரை எடுத்ததும் மகேஷ் பக்கத்தில் இருந்த கணினியைச் சற்றுத் தள்ளி வைத்தான்.

“தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறாள்” என்று தொடங்கினேன்.

சத்தியநேசன் கடைசி வரி வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு இரண்டு அட்டைகளையும் பைக்குள் வைத்துக்கொண்டு மதுரைப் பேருந்துக்குக் கிளம்பினார்.

மதுரையிலிருந்து எதுவும் வரவில்லை. மகேஷும் ஜெர்வினும் கடையைச் சேர்ந்தே நடத்துகிறார்கள். பொங்கலுக்குப் பிறகு விளையாட்டு மையத்தைத் திறந்தார்கள். அதில் இரண்டு கேரம் பலகைகள் போட்டிருக்கிறார்கள்.